எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய படம்

தாம்பரத்தில் காலை ஐந்தரை மணிக்கு முதல் 'குட் மார்னிங்' விழுகிறது. பிள்ளையார் படம், ஓரத்தில் ஒரு ரோஜா. நியூஜெர்சியில் அப்போது முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு வேளை. தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் பேரனின் படம் பதிலாக வருகிறது. ஆறு மணிக்கு மாமாவின் சர்க்கரை ரிப்போர்ட், டாக்டரிடம் போவதற்கு முன் விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று. எட்டு மணிக்கு அத்தை மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், கைதட்டும் பொம்மைகளோடு. பத்து மணிக்கு யாரோ ஒருவரின் ஆதார் அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும், ஏதோ விண்ணப்பம் நிரப்ப. மதியம் ஒரு ஜாதகம். மாலையில் மீனம்பாக்கத்திலிருந்து போர்டிங் பாஸ், பயணம் நல்லபடி அமைய வாழ்த்துகள். சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ இருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் இப்படித்தான் கழிகிறது. பீரோவின் உள் லாக்கரிலும், புடவை அடுக்குக்கு அடியிலும், ஆஸ்பத்திரி ஃபைலிலும் தனித்தனியாகக் கிடந்தவை எல்லாம் ஒரே திரையில், முப்பது நாற்பது கைபேசிகளில் பிரதியாகி நிற்கின்றன. அதில் நாலைந்து கைபேசிகள் யாருடையவை என்று அட்மினுக்கே சரியாகத் தெரியாது.

இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். ஃபேஸ்புக்கும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பார்கள் சிலர். பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கும்போது அந்தரங்கமாவது ஒன்றாவது என்பார்கள் மற்றவர்கள். இருவரும் நிற்பது ஒரே அனுமானத்தின் மேல்தான்: உறவு வேண்டுமானால் அந்தரங்கத்தை விலையாகக் கொடுத்தாக வேண்டும், எவ்வளவு என்பதில்தான் பேரம். அந்த அனுமானம் இரண்டு இடத்தில் பிசகுகிறது என்பது என் கட்சி. உறவோடு தொடர்பில் இருப்பது ஒரு காரியம். உறவைக் காட்சிக்கு வைப்பது வேறு காரியம். இரண்டையும் கம்பெனிகள் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. அடுத்த பிசகு இன்னும் பெரியது. நாம் விலையாக எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நம்முடைய அந்தரங்கமே இல்லை. மாமாவின் சர்க்கரை அளவு, அத்தை மகளின் மதிப்பெண், இன்னும் பேச்சு வராத பேரனின் முகம்.

தொடர்பு தாம்பரம் பக்கத்துக்கு ஆடம்பரம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்தே இது வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். பிறந்த மண் ஓரிடம், வேலை ஓரிடம், பிள்ளைகள் இன்னோரிடம். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில் இந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரையை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின, விமான நிலையம் மூடப்பட்டது. மறைமலைநகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வரவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகை. மொட்டை மாடியில் நிற்கும் அப்பா அம்மாவைப் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தகவல் தந்தது சமூக ஊடகம்தான். பத்திரமாக இருக்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லும் வசதியைச் சென்னைக்காக ஃபேஸ்புக் திறந்துவிட்டது. முன்பின் தெரியாத இளைஞர்கள் இணையத்தில் பொதுப் பட்டியல்களைத் தொடங்கி, எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை பேர், அதில் வயதானவர்கள் எத்தனை பேர், கூப்பிட வேண்டிய எண் எது என்று வரிசையாக நிரப்பினார்கள். படகோடு நின்றவர்கள் அதைப் பார்த்துப் போனார்கள்.

அந்தரங்கம் பேசுகிறவர்கள் கடந்துபோக முடியாத சாட்சி இது. வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஊரறியப் போட்டதால்தான் சிலர் பிழைத்தார்கள். ஆனால் அந்த வெள்ளத்தையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே ஒருவர் வெளியிட்டது தன் இருப்பிடத்தை, அல்லது தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டவருடையதை. காரணம் ஒன்றே ஒன்று: படகு வர வேண்டும். தண்ணீர் வடிந்ததும் அந்தக் காரணம் முடிந்தது. தகவல் மட்டும் முடியவில்லை. மீட்கப்பட்டுப் பல மணி நேரம் ஆனவர்களுக்கு உதவி கேட்கும் செய்திகள் நாள்கணக்கில் சுற்றின. பழைய செய்திகளைப் பரப்பாதீர்கள், சரிபார்த்து அனுப்புங்கள் என்று தன்னார்வலர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. ஏற்கெனவே காலியான வீட்டைத் தேடி ஒரு குழு போனால் இன்னொரு மாடியில் ஒருவர் காத்துக்கிடப்பார். திறந்து வைப்பது உயிர் காத்தது உண்மை. எப்போது மூடுவது என்று யாரும் யோசிக்காததால் அதே திறப்பு மீட்புக்கே இடைஞ்சலானதும் உண்மை. வெள்ளம் சொல்லும் சாட்சி, 'எல்லாவற்றையும் எப்போதும் எல்லோருக்கும்' என்பதற்கு ஆதரவாக இல்லை.

சரி, யாருடைய தகவலை யார் கொடுக்கிறார்கள்? 2018-ல் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், அதாவது ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனாளர்களின் தகவல் அந்த நிறுவனத்தின் கைக்குப் போன விவகாரத்தில், ஃபேஸ்புக்கே இந்தியாவுக்குச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பொருள் பற்றி எழுதுகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய கணக்கு. ஆளுமையைக் கணிப்பதாகச் சொன்ன அந்தச் செயலியை இந்தியாவில் இறக்கிக்கொண்டவர்கள் 335 பேர். அதனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். 335 பேர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். மீதி ஐந்தரை லட்சம் பேர் செய்த ஒரே காரியம் அவர்களுக்கு நண்பர்களாகவோ சொந்தமாகவோ இருந்தது. அமைப்பு அப்படிக் கட்டப்பட்டிருந்தது. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சேருகிற ஒருவர் தன் கைபேசியின் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால், அதில் இருக்கும் எல்லோருடைய எண்ணும் கம்பெனியின் சரிபார்ப்புக்குப் போகிறது. 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தொடர்பு தேடும் வசதியையே பயன்படுத்தி, எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, உலகம் முழுக்க 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைக் கண்டெடுத்துக் காட்டினார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முகப்புப் படம், நம் பேச்சில் டிபி, யாரும் பார்க்கும்படி இருந்தது. இந்தியக் கணக்குகள்தான் எண்ணிக்கையில் முதலிடம், ஏறக்குறைய 75 கோடி. ஓட்டையை இப்போது அடைத்துவிட்டார்கள். ஆனால் நம் ஊர் டிபிகளில் இருப்பது யார் முகம் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் டிபியில் பெரும்பாலும் அவர்கள் இருப்பதில்லை. பேத்தி இருக்கிறாள்.

இந்தப் பக்கத்தில் மனை வாங்கி விற்கிற யாருக்கும் கூட்டுப் பட்டா தெரியும். சொத்தில் பங்குள்ள ஒருவர் தன் பங்குக்குத்தான் கையெழுத்துப் போடலாம். முழுதையும் விற்க அத்தனை பேரும் சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும், துபாயில் இருப்பவர் பவர் பத்திரமாவது அனுப்ப வேண்டும். ஒரு குடும்பப் படம் அப்படிப்பட்ட சொத்துதான். அதில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் பத்துப் பேருக்கும் பங்கு. நடைமுறையில் கைபேசி வைத்திருப்பவர் ஒருவர் தன் ஒற்றைக் கட்டைவிரலால் முழுச் சொத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். கம்பெனியின் பக்கத்தைப் பார்க்கிறது, மெதுவாக. 2016-ல் வாட்ஸ்அப் தன் பயனாளர் தகவலை ஃபேஸ்புக்குடன் பகிரப்போவதாக அறிவித்தபோது இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை வளர்ந்தது. இதற்கிடையே 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கு என்ற வேறொரு வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2021-ல் 'ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு' என்று வாட்ஸ்அப் கொண்டுவந்த புதிய கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. விளம்பரத்துக்காக ஐந்தாண்டு தகவல் பகிரக் கூடாது என்ற தடையை மட்டும் நீக்கியது. அதாவது கம்பெனிக்கு வலிக்காத பகுதி நிலைத்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று, முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதே சட்டம், ஒரு தனிநபர் தன் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ கையாளும் தகவலுக்கு நான் பொருந்த மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறது. குழந்தையின் சம்மதத்துக்குக் காவலாகப் பெற்றோரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தையின் படத்தை முதலில் வெளியே எடுத்துப் போகிறவர்களும் அவர்களே.

நெதர்லாந்தில் ஒரு பாட்டிக்கு நடந்தது இங்கே பொருந்தும். மகள் தன் பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கிலிருந்து எடுக்கச் சொன்னாள், பாட்டி மறுத்தார், வழக்கு கெல்டர்லாண்ட் நீதிமன்றம் போனது. ஐரோப்பியத் தரவுச் சட்டத்திலும் வீட்டுக் காரியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகளின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் அது யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே அது வீட்டுக் காரியம் ஆகாது என்று 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. எடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 50 யூரோ. பிரான்ஸ் 2024-ல், குழந்தையின் படத்தைக் காப்பது தாய் தந்தை இருவரின் கூட்டுப் பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதியது. நம் சட்டத்தின் விலக்கு எதுவரை நீளும் என்று இங்குள்ள நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரு மொட்டையடிப்புப் படத்துக்காகத் தாம்பரம் கோர்ட் வாசலில் நிற்பதை யாரும் விரும்பப்போவதில்லை. தீர்ப்பின் தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பொது இடத்தில் போட்ட கணத்தில் அது வீட்டு விஷயம் என்ற தகுதியை இழக்கிறது.

இதற்கு எதிராக வழக்கமாக எழும் முதல் குரல், அந்தரங்கம் என்பதே வெளிநாட்டுச் சரக்கு, நம் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லோருக்கும் தெரியும் என்பது. தெருவுக்குத் தெரிந்தது உண்மைதான். தெருவை நமக்கும் தெரியும் என்பதை விட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுச் சண்டையைக் கேட்ட எதிர்வீட்டுக்காரர் வீட்டுச் சண்டையை நாமும் கேட்டிருப்போம். அந்தப் பரஸ்பரமே ஒரு கட்டுப்பாடு. அதைவிட, எதை எப்போது யாருக்குச் சொல்வது என்பதில் நம் வீடுகளைப்போலக் கறார் எங்கும் கிடையாது. மூன்று மாதம் முடியும் வரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். பச்சைக் குழந்தையைக் கண்டவர் கண்ணில் காட்ட மாட்டார்கள், கன்னத்தில் ஒரு மைப் பொட்டு வேறு. நிச்சயமாகும் வரை சம்பந்தப் பேச்சு வாயைத் திறக்காது. திருஷ்டி என்று பெயர் வைத்திருந்தாலும் காரியத்தில் அது தகவலுக்குப் போட்ட வேலி. ஜாதகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரகர் கையில் போகும். பொருந்தவில்லை என்றால் போட்டோவோடு திரும்பி வரும், திருப்பிக் கொடுக்காத வீட்டைப் பற்றிப் பேச்சு எழும். இன்று அது பயோடேட்டா என்ற பெயரில் பிடிஎஃப். பெண்ணின் முழு உருவப் படம், நட்சத்திரம், உயரம், கம்பெனி பெயர், சம்பளம், அப்பாவின் எண், வீட்டு முகவரி எல்லாம் அதில். சாதிவாரியாக நடக்கும் வரன் குரூப்புகளில் அவள் ஒருமுறைகூடப் பார்த்திராத ஆயிரம் பேரின் கைபேசிகளில் இறங்கி, கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அங்கேயே கிடக்கிறது. சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய் வருகிற பெண், முகம் தெரியாதவன் தன் அலுவலகத்தின் பெயரைச் சொல்லிப் பேசும்போது, கசிந்தது எங்கே என்று இன்ஸ்டாகிராமில் தேடுவாள். அனுப்பியவர் பெரியப்பாவாக இருப்பார், நல்ல எண்ணத்தோடு. மரபைத் துணைக்கு அழைக்கிறவர்கள் அந்த மரபின் கறாரையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும்.

இரண்டாவது குரல் களைத்துப்போன குரல்: எல்லாம்தான் ஏற்கெனவே வெளியே போய்விட்டதே, இனி மறைக்க என்ன இருக்கிறது? களைப்புக்குக் காரணம் உண்டு. 2023 ஜூனில் டெலிகிராமில் 'பாட்' எனப்படும் தானியங்கிக் கணக்கு ஒன்றில் கைபேசி எண்ணைப் போட்டால், கோவின் தடுப்பூசித் தளத்தின் பதிவில் இருந்ததைப்போன்ற ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள் வந்து விழுந்தன. தளத்துக்குள் யாரும் நுழையவில்லை என்று அரசு மறுத்தது. வீட்டில் ஒரே எண்ணில் அப்பா, அம்மா, தாத்தா எல்லோரையும் பதிந்திருந்தோம் என்பதால் ஓர் எண்ணைத் தட்டினால் குடும்பமே வந்தது. 2024-ல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ஆவணங்கள் உட்பட, இதேபோல டெலிகிராமில் இறைந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டிவந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு டிபியைப் பூட்டி என்ன ஆகப்போகிறது? மோசடிக்காரர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். கசிந்த பட்டியல் அவருக்கு ஒரு பெயரும் எண்ணும் தருகிறது; அது வெறும் வரி. அந்த வரிக்கு உறவு சேர்ந்தால்தான் காசு. மகன் எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில், செல்லப் பெயர் என்ன, இப்போது பயணத்தில் இருக்கிறானா என்பதை ஸ்டேட்டஸும் பின்னூட்டமும் தருகின்றன. 'உங்கள் மகன் போலீஸ் பிடியில்' என்ற அழைப்பு, மகன் விமானத்தில் இருக்கும் அந்தப் பதினாறு மணி நேரத்தில் வந்தால்தான் பலிக்கும், அவனைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது என்பதால். போர்டிங் பாஸ் படம் அந்த நேரத்தை அச்சடித்தே கொடுக்கிறது. 2024 அக்டோபரில் பிரதமர் வானொலி உரையில், போலீஸ்போல நடித்து வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' பற்றி எச்சரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. அந்த ஓராண்டில் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே என்ற செயலிக் கோப்பு அனுப்பிக் கைபேசியைக் கைப்பற்றும் வித்தை பற்றிப் பல மாநிலப் போலீஸார் எச்சரித்தார்கள். கார்த்திகை, தை மாதங்களில் பத்திரிகை வராத வாட்ஸ்அப் எது? ஏமாற்று புகுவது உறவின் வாசல் வழியாக. எல்லாம் போய்விட்டது என்பது சரியாக இருந்தாலும், போனவற்றை ஒன்றோடொன்று கோத்துத் தருகிற வேலையை நாமே இலவசமாகச் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு இந்தப் படங்கள்தான் நாளின் சோறு தண்ணீர். அவரிடம் போய்த் தனியுரிமை அமைப்புகள், இரட்டைச் சரிபார்ப்பு என்று பாடம் எடுத்தால், பயந்துபோய்க் கைபேசியை மூடி வைத்துவிடுவார்; தனிமை மிஞ்சும். இந்தப் பயம் நியாயமானது. ஆகவேதான் எதையும் அழி, எதிலிருந்தும் வெளியேறு என்ற ஆலோசனையை நான் ஏற்கவில்லை. அது ஆங்கிலம் தெரிந்த, இருபத்தெட்டு வயதான, மாற்று வழி நாலு வைத்திருக்கிற ஒருவருக்கான ஆலோசனை. ஆனால் அந்த அம்மாவுக்கு நிறைவு தருவது எது என்று பிரித்துப் பாருங்கள். பேரன் வீடியோ காலில் முகம் காட்டுவது. மகள் தினமும் பேசுவது. நாலு பேர் குரூப்பில் பேத்தியின் நாட்டியம். இவை எதற்கும் பொதுவெளி தேவைப்படவில்லை. வாட்ஸ்அப்பில் பேச்சும் படமும் 2016 முதல் மறைகுறியாக்கத்தோடுதான் போகின்றன; கம்பெனியே உள்ளே படிக்க முடியாது, யார் யாரோடு எப்போது என்பது மட்டும் தெரியும். ஃபேஸ்புக் ஸ்டேட்டஸில் இருநூறு லைக் வாங்குவது வேறு சந்தோஷம். அதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை, பெருமை மனித இயல்பு. ஆனால் அதற்குப் பெயர் பெருமை; தொடர்பு என்ற பெயரில் அதைக் கணக்கெழுதக் கூடாது.

அந்தரங்கம் என்றாலே பெரியவர்கள் கசியவிடுவது, சின்னவர்கள் எச்சரிப்பது என்ற சித்திரம் ஒன்று பதிந்துவிட்டது. மறுதிசையில் நடப்பது கண்ணில் படுவதில்லை. விடுமுறையில் வந்த மகன் திரும்பிப் போகும் முன் ஹாலில் ஒரு கேமரா பொருத்துகிறான். அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும், வேலைக்கார அம்மாள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். அடுத்த மாதமே டல்லாஸிலிருந்து போன் வருகிறது: 'ஏம்மா, பதினொரு மணி வரைக்கும் டிவி பாக்கற?' அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடுவதையும், இருவரும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதையும் மருமகளும் பார்க்கலாம் என்பதால் சிலர் கேமரா எட்டாத அடுப்படியிலேயே உட்கார்ந்து பேசப் பழகிக்கொள்கிறார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில். அந்த வேலைக்கார அம்மாளிடமோ கேட்டவரே இல்லை. அடுக்குமாடிகளின் கேட் செயலியில் அவர் முகம், வரும் நேரம், போகும் நேரம், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் ஏறியிருக்கிறது. கல்லூரிப் பெண்ணின் கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை அப்பா நிரந்தரமாகப் போட்டு வைப்பதும், 'ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு, ஏன் பதில் போடல?' என்று மாமியார் கேட்பதும் இதே ரகம். அக்கறை என்ற பெயர் இருப்பதால் இவற்றை எதிர்க்கவும் வாய் வராது. விளைவு என்னவென்றால், அந்தப் பெண் குடும்ப குரூப்பில் மௌனமாகிறாள், வேறு பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்குகிறாள். எல்லாவற்றையும் பார்க்க முடிகிற இடத்தில் உறவு நெருங்குவதில்லை, ஒளிந்துகொள்கிறது. அந்தரங்கத்தை மதிப்பது உறவுக்குச் செலவு என்று நினைக்கிறவர்கள் இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

பெரும்பாக்கத்தில் கணக்கு வேறு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்குள்ள அரசு வாரிய அடுக்குமாடிகளில் இருக்கின்றன. பழைய தெருவும் சொந்தமும் நகரத்துக்குள் தங்கிவிட்டதால் கைபேசிதான் பாலம். பல வீடுகளில் அதுவும் ஒன்றே ஒன்று. அங்கே பள்ளி மாணவியின் வகுப்பு குரூப், அப்பாவின் வேலை குரூப், அம்மாவின் சுயஉதவிக்குழு எல்லாம் ஒரே கருவியில் கிடக்கும்போது 'உங்கள் அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை யாரிடம் சொல்லப்படுகிறது என்றே தெரியாது. அவர்களுக்கு முதலில் தேவை இரண்டாவது கைபேசி.

ஆளுக்கொரு கைபேசி வைத்திருக்கும் வீடுகளுக்குச் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, அதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்கவும் வேண்டாம். படத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுப் போடுவது. பேசத் தெரியாத குழந்தை என்றால் பெற்றவர்கள் இருவரையும். ஆதாரும் ரிப்போர்ட்டும் குரூப்புக்கு வேண்டாம், கேட்டவர் ஒருவருக்கு மட்டும், அதுவும் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி. போர்டிங் பாஸ் படத்துக்குப் பதில் 'கிளம்பிட்டேன்' என்ற ஒரு வார்த்தை. அம்மாவின் கணக்குக்கு ஆறு இலக்கப் பின் போட்டுக் கொடுத்துவிட்டு, பணம் கேட்டு யார் குரலில் போன் வந்தாலும் வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிடு என்று சொல்லிவைப்பது. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடிப்பது. ஹால் கேமராவுக்கு ஒரு சுவிட்ச், அது பெற்றோர் கைக்கு எட்டும் உயரத்தில். மழைக்காலத்தில் இருப்பிடத்தைப் பகிரலாம், தாராளமாக. வாட்ஸ்அப்பில் அதற்குக் கால் மணி, ஒரு மணி, எட்டு மணி என்று கெடு வைக்கும் வசதி இருக்கிறது, கெடு முடிந்ததும் தானாக நின்றுவிடும். டிபியை 'என் தொடர்புகள் மட்டும்' என்று மாற்ற அரை நிமிடம் ஆகும். பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டிய எவருக்கும் அதனால் அது மறையப்போவதில்லை.